தானாக நூரும் பல்ப்

மூன்று கிழமையாக இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லை. பத்திரிகைக் கந்தோருக்கு இரண்டு பேர் போன் எடுத்து விசாரித்தார்களாம். ஒருவர், "அவ எழுதுறதை விட்டிட்டாவோ?" என்று கேட்டாராம். மற்றவர் இன்னும் நேர்மையானவர். "ஆள் இருக்கிறாவோ?" என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறேன் ஐயா. இடது காலில் பிளாஸ்ரர் போட்டு, அந்தக் காலை ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்துக்கொண்டு, கதிரையில் சாய்ந்தபடி இருக்கிறேன். குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். அறுபத்தேழு வயதில் விழுவதெல்லாம் ஒரு செய்தியா? ஆகவே இன்றைக்குக் காலைப் பற்றி எழுதப்போவதில்லை.

பல்பைப் பற்றி எழுதப்போகிறேன்.

என்னைப் புதிதாக வாசிக்கிறவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம்... நான் தனிக்கட்டை. கலியாணம் கட்டவில்லை. தபால் கந்தோரில் முப்பத்துநான்கு வருடம் முத்திரை குத்திவிட்டுப் பென்ஷன் எடுத்தவள். சுன்னாகத்துக்குக் கிட்ட, பெரிய றோட்டிலிருந்து உள்ளே வருகிற ஓர் ஒழுங்கையில், அப்பா கட்டிய ஐந்து அறை வீட்டில் இருக்கிறேன். அண்ணையும் குடும்பமும் கனடாவில்.

ஐந்து அறை வீடு, ஒரு ஆள். எத்தனை பல்ப் எரியவேண்டும்? ஒன்று! குசினியில் நின்றால் குசினி லைற். அங்கிருந்து அறைக்கு வந்தால் குசினியை நூர்த்துவிட்டு அறை லைற். "ஆளில்லாத அறைக்கு என்னத்துக்கு வெளிச்சம்?" என்று அப்பா சொல்லிச் சொல்லி வளர்த்த கை இது. போதாக்குறைக்கு, யுத்தகாலத்தில் கரண்டே இல்லாமல் இருந்த அந்த வருடங்களில் ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் பழகிய கை. எச்சில் கையால் காகம் கலைக்காதவள் என்று ஒழுங்கையில் எனக்கொரு பெயர் உண்டு. நான் மறுக்கவில்லை.

ஆடி மாதம் அண்ணையின் மகன் கஜன் வந்திருந்தான். முப்பத்தொரு வயது. நல்ல பிள்ளை. வந்த மூன்றாம் நாள் அறை அறையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு திரிந்தான். வீட்டை விற்கிற யோசனையோ என்று எனக்கு உள்ளுக்குள் பயம்.

"மாமி, உந்த பல்புகளை எப்ப மாத்தினனீங்கள்?"

"போனால் மாத்துறதுதான்."

"எல்லாம் கரண்டைக் குடிக்கிற சாமான். முழுக்க எல்.ஈ.டியா மாத்துவம்."

அன்று பின்னேரமே கடைக்குப் போய் ஒரு பை நிறைய வாங்கிவந்துவிட்டான். ஏணியில் ஏறி இறங்கி, பழையதுகளைக் கழற்றி விறாந்தையில் அடுக்கினான். மஞ்சள் குண்டு பல்ப்கள், சுருள் பல்ப்கள், இரண்டு முனையும் கறுத்த ஒரு ரியூப் லைற். நான் புதுப் பெட்டிகளை எடுத்து வாசித்துக்கொண்டிருந்தேன். தபால் கந்தோர்ப் பழக்கம் — கைக்கு வந்த எதையும் வாசிக்காமல் வைக்கமாட்டேன். பதினைந்து வருடம் எரியும் என்று போட்டிருந்தது.

பதினைந்து வருடம்! அறுபத்தேழும் பதினைந்தும் எண்பத்திரண்டு. எங்கள் குடும்பத்தில் எண்பதைக் கண்டவர்கள் கிடையாது. இந்த பல்ப் என்னை அனுப்பிவிட்டுத்தான் போகும் என்று கஜனிடம் சொன்னேன்.

"சும்மா விசர்க்கதை கதையாதேங்கோ மாமி" என்றான், ஏணியில் நின்றபடி.

கடைசியாக இரண்டு பல்பைத் தனியாக எடுத்தான். ஒன்று முன் கேற்றுத் தூணுக்கு. மற்றது பின்பக்கம் கிணற்றடிக்கு.

"இது சென்சர் உள்ளது. பொழுதுபட்டால் தானாய்ப் பத்தும். விடிஞ்சால் தானாய் நூரும். நீங்கள் இனி சுவிச் பக்கமே போகத் தேவையில்லை."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"சும்மா இருங்கோவன்."

சும்மா இருப்பதற்கு எனக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? ஆனால் பிள்ளை ஆசையாகச் செய்கிறான். தலையாட்டினேன்.

நல்ல வெளிச்சம்தான், குறை சொல்லமாட்டேன். அவன் நின்ற இரண்டு கிழமையும் வீடு முழுக்க எரிந்தது. அறைக்கு அறை சத்தம். யாரோ ஒருவர் எங்கோ ஓர் அறையில் போனில் கதைத்துக்கொண்டிருக்கிற சத்தம். நான் குசினிக்குள் நின்று அதைக் கேட்டுக்கொண்டு தோசை சுட்டேன்.

அவன் வெளிக்கிட்டுப் போன அன்று பின்னேரம் ஒரு விசர்வேலை பார்த்தேன். வீட்டிலிருந்த எல்லா லைற்றையும் போட்டேன். ஒவ்வொன்றாக, ஐந்து அறையும், ஹோலும், விறாந்தையும், குசினியும். கரண்டைக் குடிக்காத பல்ப்தானே, ஒருநாள் எரியட்டுமே! பிறகு ஹோலின் நடுவில் வந்து நின்றேன்.

பழைய மஞ்சள் வெளிச்சம் கொஞ்சம் மரியாதை தெரிந்தது. மூலைக்குப் போகாது. நீங்கள் இருக்கிற இடத்தை மட்டும் காட்டும். இது அப்படியில்லை, எல்லாவற்றையும் காட்டுகிறது. மெத்தையில்லாத அண்ணையின் கட்டில். அம்மாவின் தையல் மெஷின். சாப்பாட்டு மேசையில் ஆறு கதிரை, அதில் நாலுக்குத் தூசி. எனக்கு அந்த வீட்டில் நிற்கவே கூச்சமாக இருந்தது.

ஒழுங்கையால் போன ஒரு பெண் சைக்கிளை நிறுத்தி மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன அக்கா, விசேஷமே? ஆரும் வந்திருக்கினமே?"

"இல்லைப் பிள்ளை. ஒருத்தரும் இல்லை."

அவள் போன பிறகு ஒவ்வொன்றாக நூர்த்துக்கொண்டு வந்தேன். கடைசியில் பழையபடி குசினி மட்டும்.

இன்னொரு சங்கடமும் இருக்கிறது... இந்த பல்ப்கள் போவதே இல்லை. முன்பென்றால் ஒன்று பொசுக்கென்று போகும். சேலையை மாற்றிக்கொண்டு சந்தியடிக் கடைக்குப் போவேன். கடைக்காரர் புது பல்பைத் தன் மேசை ஹோல்டரில் மாட்டி, "எரியுது, வடிவாப் பாருங்கோ" என்று காட்டித்தான் தருவார். அந்தச் சாட்டில் பத்து நிமிடக் கதை. பிறகு உயரத்தில் மாட்ட யாரையாவது கூப்பிட வேண்டும். வந்தவருக்குத் தேத்தண்ணி ஊற்ற வேண்டும். அந்தச் சாட்டில் அரை மணித்தியாலம். ஒரு பல்ப் போனால் இரண்டு மனிதர்களோடு கதைக்கலாம். இப்போது பல்பும் போவதில்லை, நானும் போவதில்லை.

விறாந்தையில் இருந்த பல்லிகூடப் போய்விட்டது. மஞ்சள் பல்புக்கு மொய்க்கிற பூச்சி இதற்கு அவ்வளவாக வருவதில்லை போலும். சாப்பாடு இல்லாத இடத்தில் அது மட்டும் ஏன் இருக்கப்போகிறது?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எதிர் வீடு.

எதிர் வீட்டில் நேசமக்கா இருக்கிறா. என்னிலும் ஐந்து வயது மூப்பு. ஒரே மகள் சுவிஸில். புருஷன் ஐந்து வருடத்துக்கு முன் காலமாகிவிட்டார். ஆக அந்த வீட்டிலும் ஒரு ஆள். ஒழுங்கைக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அக்காவும் தங்கையும் மாதிரி இருந்திருக்க வேண்டியவர்கள் என்று நினைப்பீர்கள்.

ஏழு வருடமாக எங்களுக்குள் கதைபேச்சுக் கிடையாது.

காரணம் ஒரு லைற். யாழ்ப்பாணத்தில் வேலிக்குச் சண்டை பிடித்தவர்கள் உண்டு, கிணற்றுப் பங்குக்குச் சண்டை பிடித்தவர்கள் உண்டு. நாங்கள் வெளிச்சத்துக்குச் சண்டை பிடித்தோம். அப்போது ஒழுங்கையில் கள்ளர் பயம். நான் கேற்றுத் தூணில் ஒரு வெள்ளைச் சுருள் பல்ப் பூட்டினேன். மூன்றாம் நாள் காலமை நேசமக்கா கேற்றடியில் வந்து நின்றா.

"சரோ, உன்ரை லைற் நேரை என்ரை அறைக்குள்ளை அடிக்குது. நித்திரை இல்லை."

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? "சரி அக்கா, திருப்பி விடுறன்" என்று சொல்லியிருக்கலாம். வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று, "அப்ப யன்னலுக்கு ஒரு சீலையைக் கட்டுங்கோவன்" என்றேன்.

"உன்ரை லைற்றுக்கு நான் ஏனடி சீலை கட்டோணும்?"

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு படுங்கோ!"

அவ்வளவுதான். அவ திரும்பிப் போனா. நானும் லைற்றைத் திருப்பவில்லை, அவவும் சீலை கட்டவில்லை. அவவின் புருஷன் செத்த வீட்டுக்குப் போனேன். போகாமல் விட்டால் சனம் என்ன சொல்லும்? பின்வரிசைக் கதிரையில் அரை மணித்தியாலம் இருந்தேன். அவவின் கையைப் பிடித்து ஒரு வார்த்தை சொல்லவில்லை. எழும்பி வந்துவிட்டேன்.

எங்கள் ஒழுங்கையில் ஒரு பழக்கம் உண்டு. உங்களுடையதிலும் இருக்கும். வெளி லைற்றைப் பொழுதுபடப் போடுவோம், விடிய எழும்பினதும் முதல் வேலையாக நூர்ப்போம். ஏழு மணிக்குப் பிறகும் ஒரு வீட்டு லைற் எரிந்தால், போகிற வருகிறவர்கள் கேற்றில் தட்டி, "லைற் எரியுது!" என்று ஒரு சத்தம் வைத்துவிட்டுப் போவார்கள். யாரும் சொல்லி வைத்துச் செய்வதில்லை. கரண்ட் வீணாகப் போகிறதே என்ற அந்தரம், அவ்வளவே. அப்படித்தான் நானும் நினைத்திருந்தேன்.

விழுந்தது ஒரு கார்த்திகை மாதக் காலமை. ஆறு மணிக்கு முன்னே எழும்பிப் பின்கதவைத் திறந்துகொண்டு குளியலறைக்குப் போனேன். எங்களுடையது பழைய வீடு. குளியலறை வெளியே, கிணற்றடியோடு. மழை ஈரம். ஒரு கால் சறுக்கியது மட்டும் தெரியும். அடுத்த நிமிடம் நிலத்தில் கிடக்கிறேன், இடது கால் எனக்குக் கீழே மடிந்து கிடக்கிறது. எழும்பப் பார்த்தேன். கண் இருட்டிக்கொண்டு வந்தது.

போன் எங்கே என்று கேட்பீர்கள். சார்ஜில், அறைக்குள்.

சத்தம் போட்டேன். முன்னுக்கு ஒழுங்கை, பின்னுக்கு ஆளில்லாத வளவு. இரண்டு பக்கத்து வீட்டுக்காரரும் வெளிநாடு. யாருக்குக் கேட்கும்? பத்து முறை கத்தியிருப்பேன். பிறகு தொண்டை அடைத்துவிட்டது.

தலைக்கு மேலே ஒரு சின்ன யன்னல். அதற்குள்ளால் கிணற்றடி லைற்றின் வெளிச்சம் சுவரில் விழுந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். பார்ப்பதற்கு வேறென்ன இருந்தது? மெல்ல விடிந்தது. காகம் கத்தியது. திடீரென்று சுவரில் இருந்த வெளிச்சம் போய்விட்டது. பல்ப் தானாக நூர்ந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கிணற்றடி பல்ப் நூர்ந்தால் கேற்று பல்பும் நூர்ந்திருக்கும். இரண்டும் ஒரே சாதி. பழைய பல்ப் என்றால் ஏழு மணிக்கும் எரிந்திருக்கும், எட்டு மணிக்கும் எரிந்திருக்கும், யாராவது ஒருவர் "லைற் எரியுது!" என்று தட்டியிருப்பார். பதில் இல்லாவிட்டால் எட்டிப் பார்த்திருப்பார். இப்போது ஒழுங்கையால் போகிற சனத்துக்கு என் வீடு என்ன சொல்லும்? சரோ எழும்பிவிட்டாள், லைற்றை நூர்த்துவிட்டாள், சுகமாக இருக்கிறாள் என்று சொல்லும். நான் இங்கே கிடக்க, வீடு அங்கே எனக்காகப் பொய் சொல்லிக்கொண்டிருந்தது.

அழுதேன். நோவுக்காக இல்லை. கஜன் ஞாயிற்றுக்கிழமைதான் போன் எடுப்பான், அன்றைக்குத் திங்கள். அதற்கிடையில் என்னைத் தேடுவதற்கு உலகத்தில் ஓர் ஆளுக்கும் ஒரு காரணம் இல்லை. பாற்காரர் இல்லை, நான் பால்மா கரைத்துக் குடிக்கிறவள். பத்திரிகைக் கட்டுரையைப் போன கிழமையே அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையும் நேரத்துக்குச் செய்து, எவருக்கும் கரைச்சல் கொடுக்காமல் வாழ்ந்த மனுசி நான். அதன் பலனை அந்த ஈர நிலத்தில் கிடந்து அனுபவித்தேன்.

எவ்வளவு நேரம் போனதோ தெரியாது. வெளியே பழையபடி இருட்டத் தொடங்கியது. இரவாகிவிட்டதோ என்று நினைத்தேன். இல்லை, மழை. அந்தப் பருவத்தின் முதல் பெரிய மழை. வானம் அப்படியே இறங்கிவந்த மாதிரி ஒரு கருக்கல். சுவரில் வெளிச்சம் திரும்பி வந்தது. காலமை பத்து மணிக்கு பல்ப் தானாகப் பற்றிவிட்டது!

அந்த நிலையிலும் எனக்கு வந்த முதல் எண்ணம் என்ன தெரியுமா? அநியாயமாகக் கரண்ட் போகிறதே...

கொஞ்ச நேரத்தில் கேற்று அதிர்ந்தது. தட்டுகிற சத்தமில்லை, பிடித்து உலுப்புகிற சத்தம். மழைக்குள்ளால் ஒரு குரல்.

"சரோ! சரோ! உள்ளை என்ன செய்யிறாய்?"

ஏழு வருடத்துக்குப் பிறகு கேட்கிறேன். குரலை மறக்கவில்லை. "அக்கா!" என்று கத்தினேன். கேட்டிருக்காது. ஆனால் அவ அந்த இடத்தை விட்டு அசையவில்லை. ஒழுங்கையால் வந்த ஓர் ஓட்டோவை மறித்தா. அதற்குப் பிறகு நடந்ததை ஓட்டோக்காரர் ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

"தம்பி, இந்த மதிலாலை ஏறிக் கேற்றைத் திற."

"ஏனம்மா, வீட்டுக்காரர் இல்லையே?"

"பகல்லை லைற் எரியுது, பார்."

"மழையிருட்டு அம்மா. போட்டிருப்பினம்."

"உனக்கு அவளைத் தெரியாது. பகல்லை லைற் போடமாட்டாள். செத்தாலும் போடமாட்டாள். ஏறு!"

என் கஞ்சத்தனத்தைப் பற்றி இவ்வளவு உயர்வாக யாரும் சொன்னதில்லை.

கேற்று திறந்த சத்தம் கேட்டது. பின்பக்கமாக நடந்துவருகிற செருப்புச் சத்தம். "தம்பி, நீ அங்கை நில். நான் முதல் போறன்" என்று ஒரு குரல். தனியாக இருக்கிறவள் குளியலறைக் கதவை ஏன் பூட்டப்போகிறேன்? தள்ளியதும் திறந்தது. நேசமக்கா முழுக்க நனைந்துபோய் நின்றா. கொடியில் கிடந்த துவாயை இழுத்து என்னை மூடினா. பிறகு அந்த ஈர நிலத்தில் எனக்குப் பக்கத்தில் குந்தினா.

"எத்தினை மணிக்கு விழுந்தனி?"

"ஆறு மணிக்கு முன்னம்..."

அவவின் முகம் மாறியது.

"அப்ப லைற்றை ஆர் நூத்தது?"

"தானாய் நூந்தது அக்கா. அது அப்பிடியான பல்ப்."

"நான் பாத்தனானடி" என்றா. "ஆறேகாலுக்கு எழும்பிப் பாத்தனான். நூந்திருந்தது. சரி, சரோ எழும்பியிட்டாள் எண்டு போட்டுத்தான் தேத்தண்ணி வைக்கப் போனனான்."

நான் துவாயால் முகத்தை மூடிக்கொண்டேன்.

கணுக்காலில் இரண்டு இடத்தில் முறிவு. ஆஸ்பத்திரியில் ஒரு கிழமை. அங்கே அவ ஒவ்வொரு நாளும் பஸ் ஏறி வந்தா. வீட்டுக்கு வந்த பிறகு காலமையும் பின்னேரமும் தேத்தண்ணிப் போத்தலோடு வந்துவிடுவா. முதல் இரண்டு நாளும் காலைப் பற்றி மட்டும் கதைத்தோம். மூன்றாம் நாள் நான்தான் கேட்டேன்.

"அக்கா, ஒவ்வொரு நாளும் என்ரை லைற்றைப் பாக்கிறனீங்களே?"

"பின்னை? படுத்தால் கண்ணுக்கு நேரை அதுதானே."

"சீலை கட்டியிருக்கலாமே..."

"முதல் கொதியிலைதான் கட்டேல்லை." கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தா. "பிறகு அவர் போனாப்பிறகு... உந்த வெளிச்சம் அறைக்குள்ளை ஒரு துணையாய்ப் போச்சு. விடிய நீ நூத்தால், சரி, எதிர்ப்பக்கத்திலையும் ஒரு ஆள் எழும்பியிட்டுது எண்டு நானும் எழும்புவன். ஆடிக்குப் பிறகு ஒரே நேரத்துக்கு நூந்துகொண்டு வந்தது. ஆள் இப்ப திருந்தி நேரத்துக்கு எழும்புது எண்டு நினைச்சன்."

ஐந்து வருடம். ஐந்து வருடமாக ஒரு மனுசி நான் உயிரோடு இருக்கிறேனா என்று காலமை தோறும் பார்த்திருக்கிறா. நானோ இந்தப் பக்கத்தில் எத்தனை கட்டுரை எழுதியிருப்பேன், இந்தக் காலத்தில் யாரும் யாரையும் பார்ப்பதில்லை என்று!

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவ கேட்டா.

"புரட்டாதியிலை எனக்குக் காய்ச்சல். எழும்ப ஏலாமல் கிடந்தனான். என்ரை விறாந்தை லைற் மூண்டு நாள் பகலும் எரிஞ்சது. நீ காணேல்லையே?"

கண்டேன் என்பதுதான் உண்மை. நன்றாகக் கண்டேன். அந்த விறாந்தை ஒழுங்கைக்கு உட்பக்கமாக இருக்கிறது, போகிற வருகிற சனத்துக்குத் தெரியாது. என் யன்னலுக்கு மட்டும் தெரியும். முதல் நாள் மத்தியானம் கண்டேன். இரண்டாம் நாளும் கண்டேன். 'லைற் எரியுது' என்று ஒரு சத்தம் வைத்திருக்கலாம், கதைபேச்சு இல்லாதவளிடம் நான் ஏன் சொல்லவேண்டும் என்று இருந்துவிட்டேன்.

"கண்டனான்" என்றேன்.

"என்ன நினைச்சனி?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "மகள் சுவிஸிலையிருந்து காசு அனுப்புறா... எரியட்டும் எண்டு நினைச்சன் அக்கா."

நேசமக்கா என்னைப் பார்த்தா. பிறகு சிரிக்கத் தொடங்கினா. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணால் தண்ணீர் வர, இருமல் வரும் வரைக்கும் சிரித்தா. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"பிறகு ஆர் வந்தது அக்கா?"

"ஒருத்தரும் வரேல்லை. தானாய் விட்டுது."

இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி லைற் எரிந்தது. அவ பார்த்து, எனக்கு ஏதோ நடந்துவிட்டது என்று மழைக்குள் ஓடிவந்தா. நான் பார்த்து, கரண்டை வீணாக்குகிறாள் என்று முகத்தைத் திருப்பினேன். என் வாழ்க்கையில் எதற்கும் இப்படி வெட்கப்பட்டதில்லை. மன்னிப்புக் கேட்கப் போனேன். "தேத்தண்ணி ஆறுது, குடி" என்று மறித்துவிட்டா.

கஜன் விஷயம் கேள்விப்பட்டு வீடியோவில் வந்தான். பிள்ளை அழுதுவிட்டான். தன்னுடைய பல்பால் வந்த வினை என்று அவனுக்கு ஒரே மனவருத்தம். உடனே ஒரு வழியும் கண்டுபிடித்துவிட்டான்.

"மாமி, கமரா பூட்டுவம். நாலு மூலையிலையும். நான் இஞ்சையிருந்தே போனிலை பாக்கலாம்."

"நான் மத்தியானம் விழுந்தால் உனக்கு அங்கை நடுச்சாமமடா."

"நித்திரையாலை எழும்பிப் பாப்பன்."

"பாத்திட்டு? ஆரைக் கூப்பிடுவாய்?"

யோசித்தான். "எதிர் வீட்டு அன்ரியை" என்றான்.

"அவ உனக்கு முன்னமே வந்திடுவா. நீ நித்திரையைக் கொள்."

ஆனாலும் அவனிடம் ஒன்று கேட்டேன். கேற்றில் இருக்கிற சென்சர் பல்பைக் கழற்றிவிட்டு, சாதாரண சுவிச்சில் எரிகிற எல்.ஈ.டி ஒன்று போடலாமா என்று. மஞ்சள் குண்டு பல்புக்குத் திரும்பிப் போக நான் ஆயத்தமில்லை, வெட்கத்துக்காகக் குணத்தை மாற்ற முடியுமா? ஓட்டோக்காரர் வந்து மாட்டித் தந்தார். தேத்தண்ணி குடித்துவிட்டு அரை மணித்தியாலம் இருந்து கதைத்துவிட்டுப் போனார். சுவிச் இப்போது என் கட்டிலோடு இருக்கிறது. கை நீட்டினால் எட்டும்.

மின்சாரத்தை எப்படியெல்லாம் மிச்சம் பிடிக்கலாம் என்று பெட்டிகளில் எழுதியிருக்கிறார்கள். நல்ல விஷயம், பிடியுங்கள். ஆனால் தனியாக இருக்கிறவர்களுக்கு ஒரு சொல்... ஒரு சுவிச்சையாவது உங்கள் கையால் போட்டு, உங்கள் கையால் நூர்த்து வாருங்கள். எதிர்ப்பக்கத்தில் யாராவது பார்த்துக்கொண்டிருக்கலாம். இருக்கிறார்களா என்று தெரியாவிட்டால், முதலில் நீங்கள் பார்க்கத் தொடங்குங்கள்.

நான் தொடங்கிவிட்டேன். கட்டிலை யன்னல் பக்கமாக இழுத்துப்போடச் செய்தேன். விடிகாலமை கண் விழித்ததும் நேசமக்கா வீட்டு விறாந்தையைத்தான் பார்க்கிறேன். இன்று அந்த லைற் ஆறு மணி கழிந்தும் எரிந்துகொண்டிருந்தது. ஆறு ஐந்து. ஆறு பத்து. பிளாஸ்ரர் போட்ட காலைக் கீழே வைத்து, ஊன்றுகோலையும் எடுத்துவிட்டேன். ஆறு இருபதுக்கு நூர்ந்தது. அப்பாடா என்று பக்கத்துக் கதிரையில் சாய்ந்து, அந்தச் சந்தோஷத்திலேயே பேனையை எடுத்து இதை எழுதத் தொடங்கினேன்.

இப்போது மணி ஏழேகால். என்னுடையதை நூர்க்க மறந்துவிட்டேன் போலிருக்கிறது — கேற்றை யாரோ பிடித்து உலுப்புகிறார்கள்.